பேச்சு வந்தால் நிறுத்து

அக்காவுக்கும் தம்பிக்கும் இருந்தது ஒரே ஒரு தகராறு. பள்ளிக்கூட நாளில் தொடங்கியது, இருவர் தலையிலும் நரை எட்டிப் பார்த்த பிறகும் தீராமல் கிடந்தது. கம்ப்யூட்டரில் ஆடுவதென்றால் கதை உள்ள ஆட்டமா, சண்டை உள்ள ஆட்டமா என்பதுதான் அது. இதற்கெல்லாமா அடித்துக்கொள்வார்கள் என்று கேட்பவர்கள் அந்த வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

இரண்டுமே ஒரு வேடத்தைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகிற ஆட்டங்கள்தான். அக்காவுடைய ஆட்டத்தில் வருகிறவன் போகிறவனெல்லாம் நின்று பேசுவான். அவன் சொல்வதைக் கேட்டுவிட்டு, திரையில் வரும் நாலைந்து பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு ஏற்றபடி கதை திரும்பும். தம்பியுடைய ஆட்டத்தில் எதிரே வருகிறவனை வெட்ட வேண்டும். செத்தவனின் வாளை எடுத்துக்கொண்டு அடுத்தவனிடம் போக வேண்டும்.

"உன்னோடது ஒரு ஆட்டமாக்கா? பஸ் ஸ்டாண்டுல நின்னு ஊர் வம்பு கேக்கற மாதிரி இருக்கு" என்பான் தம்பி.

"உன்னோடது கசாப்புக் கடைடா. அங்க வெட்டறவனுக்காவது சம்பளம் உண்டு" என்பாள் அக்கா.

பிழைப்பும் அவரவர் குணத்துக்கு வாய்த்தது. அக்காவுக்கு அவசர அழைப்பு மையத்தில் வேலை. ஆம்புலன்ஸ் போய்ச் சேரும்வரை போனில் இருப்பவரைப் பேச்சிலேயே பிடித்து வைத்திருக்க வேண்டும். மூச்சுத் திணறும் பெரியவர், பிரசவ வலியில் கத்தும் பெண் என்று யாராக இருந்தாலும் அவளாக முதலில் போனை வைத்ததில்லை. தம்பி லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நின்ற லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் கத்துவார்கள், அழுவார்கள், கடவுளைக் கூப்பிடுவார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். கெட்ட பாகத்தைக் கழற்றி எறிந்து புதியதை மாட்டினால் லிஃப்ட் ஓடும், கத்தல் தானாக நிற்கும். நல்ல மெக்கானிக்குக்கு அது அழகுதான். வீட்டில் அது அழகாக இருந்ததா என்று அவனை யாரும் கேட்டதில்லை.

அக்காவின் வயிற்றில் வந்த கட்டி கல்லீரலுக்கும் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்று, அவர் அடுத்த வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் தம்பி எழுந்துவிட்டான். காரை வாசலுக்குக் கொண்டுவருகிறேன் என்றான். மீதியை அக்காவும் அம்மாவும் உட்கார்ந்து கேட்டார்கள். இனிமேல் மருந்து வலிக்குத்தான், நோய்க்கு இல்லை என்பதுதான் அந்த மீதி. காரில் வரும்போது அம்மா அதைச் சொல்ல வாயெடுத்தாள். தம்பி டிராஃபிக்கைத் திட்ட ஆரம்பித்துவிட்டான்.

அவர்களுடைய அடுக்குமாடி வீட்டில் அக்காவின் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டார்கள். தம்பி வேலைக்கு நீண்ட விடுப்புச் சொன்னான். காலமெல்லாம் சலவைக்கூடத்தில் ஓட்டல் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து ஓய்வு பெற்ற அம்மா, வீட்டிலும் விரிப்பு மாற்றுவதையே தன் வைத்தியமாக எடுத்துக்கொண்டாள். வலி மருந்தைச் சரிபார்க்க ஒரு நர்ஸ் வந்து போனாள். காலை மருந்து வேலை செய்யத் தொடங்கி, தூக்கம் இழுத்துக்கொள்வதற்கு முன்னால் அக்காவுக்குக் கொஞ்ச நேரம் தெளிவாக இருக்கும். முகம் பழைய முகமாகிவிடும். அதற்கு அவள் 'நல்ல பொழுது' என்று பேர் வைத்திருந்தாள்.

நல்ல பொழுதில் என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது பழைய தகராறு திரும்ப எழுந்தது. இருக்கிற தெம்புக்கு ஒரு ஆட்டம்தான் ஆட முடியும். இருவருமே ஆளுக்கொன்றாகப் புது ஆட்டம் ஒன்றின்மேல் கண் வைத்திருந்தார்கள்.

"என்னோடத எடுப்போம்கா. அடி தூள் கிளப்பும், வலியே தெரியாது. உன்னோடது ஒரு கடல். பேசிப் பேசியே மாசக்கணக்குல இழுப்பாங்க. பாதியில..." என்ற தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பாதியில நான் போயிட்டா? வாக்கியத்த முடிடா, ஒண்ணும் ஆயிடாது" என்று சிரித்தாள் அக்கா. "சண்டை எனக்கு உள்ளுக்குள்ளயே நடக்குதுடா தடியா. தினமும் தோத்துட்டு வர்றேன். வெளியில வேற எதுக்கு இன்னொண்ணு?"

 கதை ஆட்டமே ஜெயித்தது. அதோடு விட்டாளா என்றால் இல்லை. ஆட்டத்தைத் தொடங்கும்போதே, திரும்பிப் போக முடியாத முறை ஒன்று இருந்தது, அதைத் தேர்ந்தெடுத்தாள். அந்த முறையில் ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் சேவ் ஒன்றே ஒன்றுதான். நாம் எதைச் செய்தாலும் ஆட்டம் அதை அந்த நொடியே எழுதிவிடும். தப்பாகிவிட்டது, பழைய இடத்துக்குப் போய்த் திருத்தி ஆடுகிறேன் என்று கெஞ்ச முடியாது.

"வேண்டாம்கா. ஒரு சின்னத் தப்புன்னா எல்லாம் போச்சு" என்றான் தம்பி.

"எல்லாம் எங்கடா போகுது? நடந்தது நடந்ததா வெச்சுக்கிட்டு அங்கிருந்து போக வேண்டியதுதான். எனக்கு அப்படித்தான் ஆடணும்."

ஏற்பாடு இதுதான். பேச்சு வந்தால் மவுஸ் அக்கா கைக்குப் போகும். சண்டை வந்தால் தம்பி கைக்கு வரும். அவள் பேசும்போது அவன் போனை நோண்டுவான், நகத்தைக் கடிப்பான். அவன் வெட்டும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள். கதை அவனுக்குத் தெரியாது, சண்டை அவளுக்குத் தெரியாது. இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஆளாக அந்த நாட்டில் நடந்துகொண்டிருந்தார்கள்.

அக்கா ஆட்டத்தில் வந்த எல்லோரையும் உறவுமுறை சொல்லித்தான் கூப்பிட்டாள். சத்திரக்காரி சித்தி ஆனாள். கொடுங்கோல் மன்னன் பெரியப்பா ஆனான். கூடவே நடந்து வரும் வயதான பூட்டுக்காரர் மாமா. அந்த மாமாவின்மேல் அவளுக்கு உயிர். கொள்ளைநோய் வந்த ஊர் ஒன்றின் பெரிய கதவை, மேலிடத்து உத்தரவுக்குப் பயந்து, வெளியிலிருந்து பூட்டியவர் அவர். உள்ளே அவருடைய குடும்பமும் இருந்தது. அன்றிலிருந்து அந்தச் சாவியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு அலைகிறார். அவரைப் பேசிப் பேசிக் கரைத்து, அந்த ஊருக்குத் திரும்பி வரச் சம்மதிக்க வைத்திருந்தாள் அக்கா.

"அந்தக் கதவ அவர் கையால தொறக்கறத நான் பாத்துடணும்டா. அது போதும் எனக்கு" என்று சொல்லியிருந்தாள். நர்ஸிடம்கூடச் சொன்னாள். இன்னும் எவ்வளவு நாள் என்று அம்மா அந்த நர்ஸைக் கேட்காமல் கேட்ட சமயங்களில், அக்காவுக்கு அந்தக் கதவுதான் கணக்கு.

நல்ல பொழுது சுருங்கச் சுருங்க, சண்டைகள் அதைத் தின்னத் தொடங்கின. ஒரு கோட்டையைத் தாண்டுவதற்குள் அவளுக்குத் தூக்கம் வந்துவிடும். அதனால் அவளே ஒரு வழி சொன்னாள். தான் தூங்கும்போது அவன் சண்டைகளை முடித்து வைக்கலாம். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை.

"பேச்சு வந்தா நிறுத்து. என்னை எழுப்பு. நான் எப்படித் தூங்கிட்டிருந்தாலும் சரி."

"சரிக்கா."

அன்று மத்தியானம் அவளுக்கு வலி பாடாய்ப்படுத்திவிட்டது. கூடுதல் மருந்து கொடுத்து, அம்மா காலைப் பிடித்துவிட்டு, ஒருவழியாகக் கண் அயர்ந்தாள். தம்பி கட்டிலின் கீழே தரையில் உட்கார்ந்து, மனத்தில் இருந்ததையெல்லாம் கோட்டைக் காவலர்கள் மேல் காட்டினான். ஒரு வாசல், இன்னொரு வாசல். கடைசி வாசலில் காவல் தலைவன் வந்து நின்றான். வந்தவன் வாளை எடுக்கவில்லை, பேச ஆரம்பித்தான்.

தம்பி அக்காவைத் திரும்பிப் பார்த்தான். இப்போதுதான் தூங்கினாள், இவன் பேசி முடிக்கட்டும், பதில் கேட்கும்போது எழுப்பலாம் என்று நினைத்தான். நினைத்தது மூளை. கையோ இத்தனை வருஷமாக ஒரே பாடத்தைப் படித்த கை. எவன் வாயைத் திறந்தாலும் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டிப் பேச்சைத் தாண்டி சண்டைக்குப் போவதுதான் அது கற்ற வித்தை. கட்டை விரல் தட்டியது. தலைவன் கேட்ட கேள்வியும் தாண்டியது. முதலில் இருந்த பதில் தானாகத் தேர்வானது. 'பூட்டுக்காரரை எடுத்துக்கொள், எங்களை விட்டுவிடு' என்பதே அந்தப் பதில்.

 மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காவலர்களோடு நடந்தார். கோட்டைச் சுவரின் மேல் அவரைத் தூக்கிலிட்டார்கள்.  தம்பி எந்தெந்தப் பட்டனையோ அழுத்திப் பார்த்தான். மூலையில் சேவ் ஆன அடையாளம் ஒருமுறை மின்னி மறைந்தது.

அவன் மட்டும் அப்போதே அக்காவை எழுப்பியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். கொஞ்சம் திட்டியிருப்பாள், கொஞ்சம் அழுதிருப்பாள். ஆனால் அவன் மெக்கானிக். கெட்ட பாகத்தை யாரும் பார்ப்பதற்கு முன்னால் மாற்றிவிட நினைத்தான். அந்த சேவ் பதிவையே அழித்தான். முதலில் இருந்து மறுபடி ஆடி, இதே இடத்துக்கு வந்து, மாமாவை உயிரோடு நிறுத்தி, ஒன்றும் நடக்காத மாதிரி அவள் கையில் கொடுப்பது என்று முடிவு செய்தான். கம்ப்யூட்டரைத் தன் அறைக்குத் தூக்கிப் போனான்.

"கிராஃபிக்ஸ் கார்டு போயிடுச்சுக்கா. பார்ட் வரணும்" என்றான், அவள் விழித்ததும்.

"எத்தனை நாள் ஆகும்?"

"சீக்கிரம் வந்துடும்."

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தம்பி தன் அறைக்குப் போய் ஆட்டத்தை முதலில் இருந்து தொடங்கினான். 

சண்டைகளை அவன் ஊதித் தள்ளிவிட்டான். சிக்கல் பேச்சில்தான். சித்தியிடம் அக்கா என்ன சொன்னாள், ஆற்றங்கரைத் திருடனை மன்னித்தாளா, கட்டிப்போட்டாளா? போனை நோண்டிக்கொண்டிருந்தவனுக்கு ஒரு எழவும் தெரியாது. அதனால் அவளுடைய நல்ல பொழுதில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கேள்வி கேட்டான். அவளுக்கு ஆச்சரியமான ஆச்சரியம்.

"என்னடா திடீர்னு கதைமேல அக்கறை?"

"சும்மாதான். ஆட்டம் இல்லாம போர் அடிக்குது. சொல்லேன், அந்தத் திருடன்கிட்ட என்ன சொன்ன?"

அவள் சொன்னாள். படுத்தபடியே, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொருவர் குரலிலும் பேசிக் காட்டினாள். விரிப்பு மாற்ற வந்த அம்மாவும் ஒரு ஓரமாக நின்று கேட்டுவிட்டுப் போனாள். வெளியிலிருந்து பார்த்தால் அந்த வீட்டில் அதைவிட நல்ல நாட்கள் இருந்திருக்காது. தம்பியோ அவள் முகத்தைப் பார்க்கவில்லை. திருடன், மன்னிப்பு. சத்திரம், இரண்டாவது பதில். மனத்துக்குள் ஆணியடித்து மாட்டிக்கொண்டிருந்தான். அவள் தூங்கியதும் ஓடிப்போய் ஆடிவிட வேண்டும், அதுவரை மறக்கக் கூடாது.

அப்படி ஒரு நாள், மாமா எந்தப் பாலத்தில் தன் கதையைச் சொன்னார் என்பதைச் சொல்லி முடித்த அக்கா, குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னொண்ணும் சொல்லணும்டா உன்கிட்ட. அம்மாகிட்ட சொன்னா உடைஞ்சு போயிடுவாங்க. உன்கிட்டதான் சொல்ல முடியும்."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். நிதானமாக, ஒவ்வொன்றாக, வேலையில் போனில் பேசுகிற அதே குரலில். தம்பி தலையாட்டிக்கொண்டிருந்தான். பாலத்தில் மாமாவிடம் மூன்றாவது பதிலா, நாலாவதா என்று அவனுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது என்றுதான் சொன்னாள். இல்லை, நாலாவது. அவள் பேச்சில் நர்ஸ் வந்தாள், அம்மா வந்தாள், வாசல் என்றோ படி என்றோ ஏதோ வந்தது.

"சரிதானே? செய்வியா?" என்றாள்.

"சரிக்கா" என்றான்.

அவள் கையை நீட்டி அவன் கையைத் தட்டிக் கொடுத்தாள். அன்று நிம்மதியாகத் தூங்கினாள். அவனும் நிம்மதியாக எழுந்து போய் மூன்றாவது பதிலை அழுத்தினான்.

கோட்டை வாசலுக்கு அவன் மறுபடி வந்து சேர்ந்தபோது அக்கா பாதியாகியிருந்தாள். நல்ல பொழுது என்பது ஒரு டம்ளர் தண்ணீரை அவள் குடித்து முடிக்கும் நேரம்தான் என்று ஆகியிருந்தது. மஞ்சள் ஏறிய கண்ணோடு, கம்ப்யூட்டர் வந்துவிட்டதைப் பார்த்துக் குழந்தை மாதிரி சிரித்தாள். அம்மா தலையணைகளை அடுக்கி நிமிர்த்தி உட்கார வைத்தாள். தம்பி மவுஸை அவள் விரலுக்கடியில் வைத்தான். காவல் தலைவன் கேட்டான், அவள் பதில் சொன்னாள். மாமாவைக் கொடுக்க முடியாது என்றாள். தம்பி மவுஸை வாங்கித் தலைவனை வெட்டினான். கோட்டையைத் தாண்டியாயிற்று. அவனுக்கு உடம்பே லேசாகிப் பறப்பது போல் இருந்தது. மவுஸை அக்கா விரலுக்கடியில் திருப்பி வைத்தான்.

அப்போது மாமா சொன்னார், 'நன்றி, அம்மணி.'

அக்காவின் விரல் நின்றது.

"ஏன்டா என்னை அம்மணின்னு கூப்பிடறார்?"

"அவர் எப்பவும் அப்படித்தானேக்கா?"

"இல்லடா. மழையில என் போர்வைய அவர் தோள்ல போட்டேனே, அன்னையில இருந்து மகளேன்னுதான் கூப்பிடுவார்." அவள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். "அத நான் உன்கிட்ட சொல்லல, இல்ல? ரொம்பச் சின்ன விஷயம்னு விட்டுட்டேன்."

அவசர அழைப்பில் எத்தனை பொய்யை, எத்தனை பயத்தைக் கேட்டவள். அவன் மூச்சை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னடா பண்ணின?"

சொன்னான். ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். கார்டு கெடவில்லை என்பதையும் சொன்னான். அவள் கத்தியிருந்தால் அவனுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"மாமா செத்ததுக்கு எனக்குக் கோவமில்லடா. செத்துட்டார்னா செத்ததா வெச்சுக்கிட்டு ஆடியிருப்பேன். அவர் கழுத்து சாவிய எடுத்துட்டுப் போய் நானே அந்தக் கதவத் தொறந்திருப்பேன். அதுக்குத்தானே திரும்பிப் போக முடியாத மாதிரி ஆரம்பிச்சேன்?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "எனக்கு நல்ல பொழுது கொஞ்சம்தான் இருந்துச்சு. அத எடுத்து நீ ஒளிச்சு வெச்சுக்கிட்ட. இப்ப திரையில நிக்கற இந்த மாமா யாருன்னே எனக்குத் தெரியாது."

தம்பி கட்டில் விளிம்பில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். முப்பத்தைந்தைத் தாண்டிய ஆம்பளை, மூக்கு ஒழுக அழுதான். அம்மா சமையலறையில் இருந்து வரவில்லை. வரக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ரொம்ப நேரம் கழித்து அக்காவின் கை அவன் தலையில் வந்து விழுந்தது. தடவவில்லை, சும்மா கிடந்தது.

"மூக்கத் தொடைடா. வா, இந்தப் புது ஆளையாவது கதவுகிட்ட கூட்டிட்டுப் போவோம்."

போனார்கள். அவளால் மவுஸைப் பிடிக்க முடியவில்லை. அவன் பதில்களை வாசித்தான், அவள் விரலைக் காட்டி எண்ணைச் சொன்னாள். பேச்சை முழுவதும் வாசிப்பது அவனுக்கு அதுவே முதல் தடவை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் அப்படியே போனது. பூட்டிய ஊரின் பெரிய கதவுக்கு முன்னால் மாமா வந்து நின்றார். கழுத்துச் சாவியைக் கையில் எடுத்தார். 'திறக்கவா?' என்று கேட்டார். பதில்கள் வந்து வரிசையாக நின்றன.

"நாளைக்கு" என்றாள் அக்கா. கண் சொருகியது. "நாளைக்கு நல்ல பொழுதுல தொறக்கலாம். இப்ப பாத்தா ஞாபகம் இருக்காது."

"சரிக்கா. அவர் நிப்பார். பேச்சு எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும்."

"நான் அன்னைக்குச் சொன்னது ஞாபகம் இருக்கில்ல?"

கதவைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தான். கதவை அவர் கையால் திறப்பதைப் பார்க்க வேண்டும் என்று சொன்னாளே, அதைத்தான்.

"இருக்குக்கா. மறப்பேனா?"

காலையில் அம்மா போட்ட சத்தத்தில் அவன் ஓடி வந்தான். அக்காவின் மூச்சு விட்டு விட்டு வந்தது. நடுவில் ஒரு கரகரப்பு. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் பார்வை எங்கேயும் நிற்கவில்லை. நர்ஸுக்குப் போன் போட்டான், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாற்றுவதற்குக் கொண்டுவந்த விரிப்பை மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றாள்.

"என்னடா பண்றது? அவன்கிட்ட எல்லாம் சொல்லி வெச்சிருக்கேன், அவன் பாத்துக்குவான்னு உன் அக்கா சொன்னாளே. என்ன சொன்னா?"

  தம்பி அவள் பேசிய அந்த நல்ல பொழுதை நினைவில் தேடிப் போனான். நாற்காலி இருந்தது, ஜன்னல் வெளிச்சம் இருந்தது, பாலம் இருந்தது, மூன்றாவது பதில் இருந்தது. அவள் உதடு அசைவதுகூடத் தெரிந்தது. என்ன சொன்னாள் என்பது மட்டும் இல்லை. அவன் தட்டித் தாண்டிவிட்ட பேச்சு அது.

"சொல்லுடா!" என்று அலறினாள் அம்மா.

அவன் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். எடுத்த பெண், அவன் சொன்ன முகவரியை மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். வேலையில் அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவளாக இருக்கும். பிறகு அக்காவின் அதே நிதானத்தில், "லைன்ல இருங்க, வந்துட்டே இருக்காங்க" என்றாள். அவனுக்கு அதைக் கேட்கப் பொறுமையில்லை. லிஃப்டை மேலே வரவழைக்க வேண்டும். வைத்துவிட்டான்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. அக்காவைத் தூக்கி வைத்துக் கட்டினார்கள். வீட்டு வாசலைத் தாண்டும்போது அவள் கை பக்கவாட்டில் சரிந்து கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியாத பிடி. ஸ்ட்ரெச்சர் நின்றது. ஆம்புலன்ஸ் ஆள் தம்பியைப் பார்த்தார்.

"பயப்படறா" என்றான் தம்பி. குனிந்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். மெதுவாகத்தான் பிரித்தான், வலிக்காத மாதிரி. "ஒண்ணுமில்லக்கா. நான் இருக்கேன்ல. ஒண்ணுமில்ல." கடைசி விரல் விட்டதும் லிஃப்டுக்குள் தள்ளினார்கள். அவன் கையாலேயே பழுது பார்த்த லிஃப்ட், ஒரு குலுங்கல்கூட இல்லாமல் இறங்கியது.

ஆஸ்பத்திரியில் அவளைக் கண்ணாடி அறை ஒன்றுக்குள் கொண்டுபோனார்கள். திரும்பப் பார்க்க விட்டபோது வாயில் குழாய் இருந்தது, மூக்கில் இன்னொன்று இருந்தது. குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்கக் கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். நர்ஸ் மூச்சிரைக்க ஓடி வந்தாள். வேறொரு நோயாளியின் வீட்டில் இருந்ததால் போனை எடுக்க முடியவில்லையாம். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தவள் முகம் விழுந்துவிட்டது.

"ஏன் தம்பி இங்க கொண்டு வந்தீங்க?"

"மூச்சு... மூச்சுத் திணறுச்சு சிஸ்டர்."

"அப்படித்தான் வரும்னு அவங்களுக்குத் தெரியுமே. என்னை வரச் சொல்லி வலிக்கு மட்டும் ஊசி போடச் சொல்லணும், ஆஸ்பத்திரி வேண்டாம், குழாய் வேண்டாம், என்ன ஆனாலும் அந்த வாசல்படியைத் தாண்டி தன்னைத் தூக்கிட்டுப் போகக் கூடாதுன்னு சொன்னாங்களே. தம்பிகிட்ட விளக்கமா சொல்லிட்டேன், சரின்னுட்டான், எனக்கு இனிமே கவலையில்லன்னு எவ்வளவு சந்தோஷமா சொன்னாங்க என்கிட்ட."

அம்மா தம்பியைப் பார்த்தாள். திட்டவில்லை. ஒரு அடி தள்ளி நின்றுகொண்டாள்.

குழாயைக் கழற்ற முடியுமா என்று தம்பி டாக்டரிடம் கேட்டான். முறைகள் இருக்கின்றன, இரண்டு டாக்டர்கள் பார்க்க வேண்டும், கையெழுத்துகள் வேண்டும், நாளைக்குப் பேசலாம் என்றார். தம்பி எழுந்து போகாமல் அவர் சொன்னதைக் கடைசி வரைக்கும் கேட்டான். கேட்டு என்ன?

உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கட்டியிருந்த கையைப் பிடித்தான். சட்டத்தைப் பிடித்த அந்த விரல்கள் இப்போது எதையும் பிடிக்கவில்லை. தெரிந்த ஒரே வேலையைச் செய்தான். கதையை முதலில் இருந்து சொன்னான். சத்திரத்துச் சித்தி சொன்னது, அக்கா பதில் சொன்னது, திருடன் அழுதது, பாலத்தில் மாமா சொன்னது. எதையும் தாண்டவில்லை. மழையில் போர்த்திய போர்வையையும் அதன் இடத்தில் வைத்துச் சொன்னான். மாமாவை மகளே என்று கூப்பிட வைத்தான். கோட்டைச் சுவரில் தூக்கிலிட்டதை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினான்.

"கதவுகிட்ட வந்துட்டோம்கா. சாவி கையில இருக்கு. தொறக்கவான்னு கேக்கறார்."

அதற்கப்புறம் அவனுக்குத் தெரியாது. பதில் சொல்வது எப்போதும் அவள் வேலை. விரலைக் காட்டுவாளா என்று கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பேசாமல், எதையும் தட்டாமல் உட்கார்ந்திருந்தான். மெஷின் அவளுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.